பின்பக்கத்து லீவர்

காலையில் மிசினோடு ஓட்டமாவடிக்குப் போய் மர்சூக்கின் கராச்சுக்குள் ஒரு பழைய ரயரில் குந்திய அழகரத்தினம், மத்தியானம் ஆகியும் அதை விட்டு எழும்பவில்லை. பஸ் ஏறிச் சித்தாண்டி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டு ஆறுதலாக வரலாமென்று மர்சூக் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பெண்சாதி சீதேவிப்பிள்ளை கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதியை அவிழ்த்து, மிசினிலிருந்து கண்ணை எடுக்காமல் தின்று முடித்தார். சொந்தக்காரன் அந்தப் பக்கம் போனால் கராச்சில் புது நட்டு கழன்று பழைய நட்டு ஏறும் என்பது அவருடைய முடிவு. அதற்கு அவரிடம் அத்தாட்சி ஒன்றும் கிடையாது. அத்தாட்சி வேண்டுமென்று அவர் நினைத்ததும் கிடையாது.

மிசின் என்றால் ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற சின்ன உழவு மிசின்தான். பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்குகிற லிப்ட் அதில் இருந்தது. வயிற்றுக்குள் கிடக்கிற ஒயிலை ஒரு பம்பு அமுக்கி அந்த வேலையைச் செய்யும். அந்த ஒயிலில் ஒரு பங்கை வெளியே எடுத்து, குழாய் வழியாகப் பின்பக்கம் கொண்டுபோய், இழுவைப் பெட்டிக்குக் கீழே பாரம் தூக்குகிற ஜக்கு ஒன்று வைத்து, பெட்டியைத் தானாகச் சரிய வைக்க வேண்டும். மர்சூக் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். ஓட்டுகிறவர் குந்துகிற சீற்றுக்குக் கீழே இருந்த இரும்புத் தட்டைக் கழற்றி, துளை போட்ட வேறு தட்டைப் பூட்டினான். அதிலிருந்து குழாய் இழுத்தான். லீவரைச் சீற்றுப் பக்கத்தில் வைக்கத்தான் அவன் பார்த்தான். கிழவர் விடவில்லை. மிசினுக்குப் பின்னால், சில்லுக்கு மேலே, நிலத்தில் நின்றபடி வலக்கையால் பிடிக்கிற இடத்தில் வேண்டும் என்றார். பெட்டியிலிருந்து விழுகிறது முழுக்க விழுகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டு லீவரைப் பிடிக்க வேண்டுமாம்.

இதற்கெல்லாம் காரணம் அவருடைய இடது தோள். போன வேளாண்மை வெட்டில் நெல்மூட்டைக்கு மேலிருந்து விழுந்து முறிந்தது. வைத்தியர் கட்டிப் பார்த்தும் பழைய மாதிரிக் கூடவில்லை. அதற்குப் பிறகு மிசின் ஓட்டலாம், மண்வெட்டி பிடிக்க ஏலாது. அவருடைய வயலோ வாவிக்கு அக்கரையில், வட்டை என்கிற வயல்வெளிக்குள் ஆகத் தாழ்ந்த துண்டு. மாரியில் வாவி பெருகினால் முதலில் தண்ணீர் ஏறுவது அதற்குள்தான். வருசா வருசம் கிரவல் மண் போட்டு அணையை உயர்த்தாவிட்டால் விதைத்தது அத்தனையும் போகும். கிரவலைப் பெட்டியிலிருந்து பறித்துக் கொட்ட இரண்டு கூலிக்காரரைப் பிடித்தார். அவர்கள் பாதிப் பெட்டியைப் பக்கத்து வயல் அணையில் கொட்டுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு இருவரையும் கலைத்துவிட்டார்.

பக்கத்து வயல் அவருடைய அக்காவின் மகன் கனகசிங்கத்தினுடையது. அவனுக்கு மிசின் மேலே ஒரு கண். ஒரு தோளோடு உங்களுக்கு மிசின் என்னத்துக்கு மாமா, என்னிடம் தந்தால் உங்கள் அணையையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று வாரத்துக்கு ஒரு தரமாவது வந்து சொல்வான். இன்றைக்கு மிசினைக் கொடுத்தால் நாளைக்கு வயலும் அதன் பின்னாலே போகும் என்று அழகரத்தினத்துக்குத் தெரியும். ஆனாலும் வேறு வழி கிடைக்கவில்லை. இந்தப் பெட்டி சரிவந்தால் தனியே ஓடுவேன், சரிவராவிட்டால் மிசின் கனகசிங்கத்துக்குத்தான் என்று சீதேவிப்பிள்ளையிடம் சொல்லிவிட்டே கராச்சுக்கு வந்திருந்தார்.

வேலை முடிந்ததும் மர்சூக் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தான்.

"அண்ணே, ஒரு விசயம் சொல்லணும். இனி ஒயில் பாக்கிறதெண்டா..."

"நீ நட்டுச் சாவி புடிக்கப் பழகக்குள்ள நான் மிசின் வச்சிருந்தவன். ஒயில் பாக்க எனக்குப் படிப்பிக்காத."

மர்சூக் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அடுத்த மிசினுக்குப் போனான். அவனுக்கும் மூன்று மிசின் காத்துக்கொண்டு நின்றது.

ஒயில் விசயத்தில் கிழவர் முன்கூட்டியே ஒரு வேலை பார்த்திருந்தார். கராச்சுக்கு வருமுன், ஒயில் அளக்கிற கம்பியை உருவி, ஒயில் நிற்கிற இடத்தில் அரத்தால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்தபின் அதைவிடப் பெரிய சோதனை ஒன்றையும் வைத்தார். இரவுக்குள் ஜக்கு ஒயிலைக் கசிய விட்டால் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும் அல்லவா. வெறும் பெட்டியை முழு உயரத்துக்கு எழுப்பி, மிசினை நிற்பாட்டி, பெட்டியின் விளிம்பு நிற்கிற உயரத்துக்கு ஒரு தடியை நட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

விடிய வந்து பார்த்தால் பெட்டி தடியை விட்டு ஒரு நூல் இறங்கவில்லை. மனத்துக்குள் மர்சூக்குக்கு ஒரு நல்ல சொல் சொன்னார். பெட்டியை இறக்காமல் அப்படியே ஒயில் கம்பியை உருவினார். ஒயில் கோட்டுக்கு எவ்வளவோ கீழே கிடந்தது. சொன்ன நல்ல சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

கள்ளனைப் பிடித்துவிட்டதில் அவருக்கு ஒருவிதத் திருப்தியும் இருந்தது. சீதேவிப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினார். அவ்வளவு நேரமும் பக்கத்தில் இருந்தீர்களே, அவன் எப்போது எடுத்தான் என்று அவள் கேட்டாள். சோறு தின்னும்போது எடுத்திருப்பான் என்றார். கடையில் டின் ஒயில் வாங்கி வந்து கோடு வரை ஊற்றினார். பெட்டியை இறக்கிவிட்டுக் கிரவல் கிடங்குக்குப் போனார்.

கிடங்குக்காரர்கள் பெட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள். அங்கிருந்து துறை கூப்பிடு தூரம். அக்கரைக்குப் போக மிதவைகளின் மேல் பலகை அடித்த பாதை ஒன்று அங்கே உண்டு. மத்தேயு என்கிற பாதைக்காரர் கம்பியைப் பிடித்து இழுத்து ஆட்களையும் மாடுகளையும் மிசின்களையும் கொண்டுபோவார். அன்றைக்குப் பாதையில் மீன் கூடையோடு இரண்டு பெண்களும், சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கனகசிங்கமும் நின்றார்கள்.

சரிவில் இறங்கும்போது அழகரத்தினம் பிறேக்கை மிதித்தார். கால் போனது, பிறேக் பிடிக்கவில்லை. மறுபடி இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தார். பெட்டி பின்னாலிருந்து தள்ளியது. மிசின் பலகையில் ஏறி, பாதை ஒரு பக்கம் அமிழ்ந்து, கம்பி விறைத்தது. பெண்கள் கூடையை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போனார்கள். கியரில் கிடந்தபடியே எஞ்சினை நிற்பாட்ட வேண்டும் என்று கிழவருக்கு அந்த நேரத்திலும் புத்தி வந்தது. மிசின் இரண்டு தரம் இடறி, கனகசிங்கத்தின் சைக்கிளை முன்சில்லால் தொட்டுக்கொண்டு நின்றது. மத்தேயு மரக்கட்டையைக் கொண்டுவந்து சில்லுக்கு முன்னால் போட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மிசின் பலகையில் நிற்க, பெட்டியின் பின்பக்கம் கரையில் நின்றது. பாரத்தோடு எடுக்க முடியாது, இங்கேயே கொட்டு என்றார் மத்தேயு. சரிவில் கிடந்த சேற்றுக் குழிக்குக் கிரவல் வந்தால் அவருக்கு லாபம்தான். அழகரத்தினம் எஞ்சினைத் திரும்ப எழுப்பிவிட்டு இறங்கிப் பின்னால் போய் லீவரைப் பிடித்தார். பெட்டி மட்டும் சொன்ன சொல் கேட்டது. முழுக் கிரவலும் சரிந்து விழுந்தது. அதைப் பார்த்துச் சந்தோசப்படுகிற நிலையில் அவர் இல்லை. பெட்டியை இறக்கி, மிசினைப் பின்னுக்கு எடுத்துக் கரையில் மருத மரத்தடியில் விட்டுவிட்டு, துறையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க, ஓட்டமாவடி மர்சூக் ஒயிலைக் களவெடுத்தான், பிறேக்கையும் கெடுத்துப்போட்டான் என்று கத்தினார்.

கனகசிங்கம் சைக்கிளைத் தடவிப் பார்த்துக்கொண்டே, இனியாவது மிசினைத் தருகிறீர்களா மாமா என்று கேட்டான். நாளைக்குப் பின்னேரம் வா என்றார் கிழவர். அது கொடுக்கிற சொல்தான் என்று இருவருக்கும் விளங்கியது.

அவருடைய கத்தல் அடுத்த பஸ்ஸிலேயே ஓட்டமாவடிக்குப் போய்விட்டது. பின்னேர பஸ்ஸில் மர்சூக் சாவிப் பையோடு வந்து இறங்கினான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. மிசினைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பின்சில்லின் உள்பக்கத்தில் விரலை வைத்து, வழிந்த ஒயிலை முகர்ந்தான்.

"ஒயில் ஊத்தினீங்களா, அண்ணே?"

"நீ எடுத்தத நான் ஊத்தினன்."

"ஊத்தக்குள்ள பெட்டி மேலயா நிண்டது, கீழயா?"

மேலே என்றார் கிழவர். மர்சூக் கம்பியை உருவிக் காட்டினான். ஒயில் கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. எஞ்சினை எழுப்பிப் பெட்டியைத் தூக்கி, நிற்பாட்டிவிட்டு, திரும்பக் கம்பியை உருவினான். இப்போது ஒயில் கோட்டில் நின்றது. பெட்டியை இறக்கினான். ஒயில் மேலே வந்தது. பெட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிற ஒயிலும் மிசினின் வயிற்றிலிருந்து போனதுதான். பெட்டி இறங்கினால் அது திரும்ப வயிற்றுக்குள்தான் வரும். அங்கே இடமில்லாவிட்டால் அச்சு வழியாக, அங்கே ஒயிலை மறிக்கிற ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு பிறேக்குக்குள் போகும்.

கிழவர் இன்னொரு தரம் செய்யச் சொன்னார். மர்சூக் செய்தான். பிறகு அவனை அப்பால் நிற்கச் சொல்லிவிட்டு, தானே பெட்டியைத் தூக்கி, தானே கம்பியை உருவி, சாரன் நுனியால் துடைத்து, விட்டுப் பார்த்து, இறக்கித் திரும்பப் பார்த்தார். யார் கை பிடித்தாலும் ஒயில் அதையேதான் செய்தது.

"நேத்து இதச் சொல்லத்தான் வந்தனான்," என்றான் மர்சூக்.

அழகரத்தினம் சில்லுக் கழற்ற எத்தனை பேர் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை மர்சூக் புதுச் சீல்களோடு வந்தான். மத்தேயுவும் இன்னொருவரும் சில்லுப் பிடித்துக் கொடுத்தார்கள். கூடின ஒயிலை வடித்தான். ஒயில் குடித்துக் கறுத்துக் கிடந்த பிறேக் கட்டைகளைப் பெற்றோலில் கழுவித் தகரத்தின் மேல் வெயிலில் காய விட்டான். கிழவர் மரத்து வேரில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

பின்னேரம் சில்லுகள் ஏறி முடிகிற நேரம் கனகசிங்கம் வந்தான். மிசினை ஓட்டிப்போக ஒரு றைவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பாதைக்குக் காத்து நின்ற சனம் இந்தப் பக்கம் திரும்பியது. மர்சூக்கைக் கண்டதும் கனகசிங்கம் குரலைத் தணிக்கவில்லை.

"நானும் இவனிட்டத்தான் பெட்டி வேல குடுக்க இருந்தன். நீங்க நேத்துச் சொன்னத்தோட விட்டுட்டன் மாமா. இனி இந்தப் பக்கத்தில ஒருத்தனும் குடுக்கமாட்டான்."

மர்சூக் நட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அழகரத்தினம் மர்சூக்கின் குனிந்த முதுகைப் பார்த்தார். சும்மா இருந்தால் பிழை மர்சூக்கோடு போகும். வாயைத் திறந்தால் கிழவனுக்கு மிசின் பார்க்க ஏலாது என்று கனகசிங்கம் இவ்வளவு நாளும் சொன்னதற்கு அவரே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. எழும்பி நின்று, நேற்றுக் கத்தின அதே குரலில் சொன்னார்.

"ஒயில அவன் எடுக்கல்ல. பெட்டி மேல நிக்கக்குள்ள ஒயில் ஜக்குக்குள்ள கிடந்திருக்கு. அது தெரியாம நான்தான் கூட ஊத்தினன். பிறேக் போனது என்னால."

கனகசிங்கத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது. "அதத்தானே மாமா நானும் சொல்றன். உங்களுக்கு இனி ஏலாது."

"ஏலாதெண்டு நான் சொல்லல்ல. தெரியாதெண்டு சொன்னன். இப்ப தெரியும்."

மத்தேயு சிரித்துவிட்டார். கனகசிங்கம், நேற்றுக் கொடுத்த சொல் என்னவாயிற்று என்று கேட்டான். பெட்டி சரிவராவிட்டால்தான் அந்தச் சொல், சரிவருகிறதா இல்லையா என்று நின்று பார் என்றுவிட்டு அழகரத்தினம் மிசினில் ஏறினார். வெறும் பெட்டியோடு பார்ப்பது பார்ப்பதாகாது என்று கிடங்குக்குப் போய் நிறையக் கிரவல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கனகசிங்கமும் றைவரும் நின்றுதான் பார்த்தார்கள். இரண்டாந்தரமும் பிறேக் போகும் என்று அவர்களுக்கு நம்பிக்கை.

சரிவின் நடுவில் பிறேக்கை மிதித்தார். மிசின் நின்றது. வாங்க வாங்க என்று பாதையிலிருந்து மத்தேயு கையைக் காட்டினார். கிழவர் அசையவில்லை. பாரம் அத்தனையும் முதுகுக்குப் பின்னால் நிற்க, காலை எடுக்காமல், கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். மருத மரத்தடியில் மர்சூக் சாவிகளைப் பைக்குள் போட்டுக் கட்டினான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போகிறேன் என்று கையைத் தூக்கினான். கிழவரும் கையைத் தூக்கினார். பிறகு காலைத் தளர்த்திப் பையப் பையப் பாதையில் இறக்கினார்.

அக்கரையில் அணை ஓரம் மிசினை நிற்பாட்டி, தனியே இறங்கி, லீவரைப் பிடித்தார். பெட்டி எழும்பியது. இரண்டு கூலிக்காரர் வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் கிரவல் முழுக்க அணையில் கிடந்தது. மூலையில் ஒட்டிக் கிடந்ததையும் தடியால் தட்டி விழுத்தினார். தன்னுடைய அணையில் விழுந்ததைக் காலால் மிதித்துப் பார்த்தார்.

அதே பாதையில் கூட வந்து, சைக்கிளைப் பிடித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற கனகசிங்கம், பக்கத்திலிருந்த தன்னுடைய அணையைப் பார்த்தான். அதுவும் உயரக் குறைவுதான்.

"மாமா, மாரிக்கு முன்னம் எனக்கும் ரெண்டு பெட்டி போட்டுத் தருவீங்களா?"

அழகரத்தினம் முதலில் பெட்டியை முழுக்க இறக்கி முடித்தார்.

"கூலி பேசினா வாறன். லீவரில நீ கை வைக்கப்படாது."

கனகசிங்கம் ஓம் என்றான்.