தீட்டில்லாதவள்

"இன்னிக்கும் நடக்கறாளா?" என்று வெங்கடாசலம் கேட்டான்.

மஞ்சக்குட்டை ஊரில் கடைசிப் பயணியும் இறங்கிப் போயிருந்தார். ஜீப்பில் இப்போது அவனும் மனைவி சிவரஞ்சனியும் மட்டும்தான். முன்னால் சாலை தெரியவில்லை, மூடுபனிதான் தெரிந்தது. அவன் மனத்தில் இருந்த சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நடக்கறா."

"எங்க?"

அவள் அடிவயிற்றில் கையை வைத்தாள். "இங்கதான். வெளிய போக மாட்டேங்கறா. சுத்திச் சுத்தி வர்றா."

"அம்மன் நடந்தா உனக்கு எதுக்குப் புள்ள வேர்க்குது? இந்தக் குளுருல?"

"சாமி காரியத்தக் கேலி பேசாதீங்க மாமா."

"நான் எங்க கேலி பேசறேன். போன மாசமும் இப்படித்தான். அதுக்கு முந்துன மாசமும் இப்படித்தான். மாசம் பொறந்தா தப்பாம வர்றதுக்கு அம்மன் என்ன, கவர்மென்டு சம்பளமா?"

சிவரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வலி இன்னும் இறுகியது. சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

வலி ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. வயிற்றில் நான்கு மாதமாக இருந்த குழந்தை தங்காமல் போனபோது, மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவளுக்குத் தூரம் என்பதே வரவில்லை. முதல் மாதம் மாமியார் மருதாயி, "மறுபடியும் முழுகாம இருக்கறயா சாமி?" என்று காதோடு கேட்டு, ஏற்காடு சந்தையிலிருந்து மாங்காய் வாங்கி வந்தாள். மாங்காய் வாடியது. வயிறு அப்படியே இருந்தது.

ஊருக்கு மேலே, பாறை இடுக்கில் நீர் கசியும் இடத்தில் ஊத்தம்மா இருக்கிறாள். ஆளுயரக் கல். அவளுக்கு அந்தி விளக்கை, தீட்டு நின்றுபோன பெண்தான் ஏற்றவேண்டும் என்பது அந்த ஊரின் வழக்கம். ஏற்றிக்கொண்டிருந்த கிழவி படுத்த படுக்கையானதும், முட்டி நோகாமல் தினமும் படி ஏற முடிகிற இன்னொரு கிழவி ஊரில் இல்லை. பூசாரி சிவரஞ்சனியைக் கூப்பிட்டனுப்பினார். "அம்மா இவளுக்குன்னு இவ ஒடம்பக் காய வெச்சிருக்கா. இத்தன வயசுல யாருக்கு இது கெடைக்கும்?" என்றார்.

அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. பேர் வைக்கிற வீட்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவளை முதலில் கூப்பிட்டார்கள். விளக்கோடு அவள் நடந்தால், குழாயடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். மருதாயி காலையில் அவளுக்குத்தான் முதலில் காபி ஆற்றிக் கொடுத்தாள். மாதத்தில் சில நாள் வந்து போகிற வலியை, ஊத்தம்மா உள்ளே நடக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். அவளும் அப்படியே நம்பினாள். வலி வரும்போது கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். மூடிய கண்ணுக்குள் ஈரப்பாறையும் பாசியும் தெரியும். யாரோ வெறுங்காலோடு போவது தெரியும்.

"சேலத்துக்குப் போலாம்" என்றான் வெங்கடாசலம். "டாக்டரு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா, நானும் ஊத்தம்மாவக் கும்புட்டுட்டு வாய மூடிக்கறேன்."

சேலத்தில் டாக்டர் ஆரோக்கியசெல்வி ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஸ்கேன் செய்தார். பிறகு சிவரஞ்சனியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"அன்னிக்குச் சுத்தம் பண்ணுனதுக்கு அப்புறம் ஒரு தடவகூட உதிரம் வரலியா?"

"இல்லீங்க. அதான் ஒடம்பு காஞ்சு போச்சுங்களே."

"யாரு சொன்னா? ஒண்ணும் காயல. உன்ற ஒடம்புல சுரக்கவேண்டியது எல்லாம் ஒழுங்காச் சுரக்குது."

"அப்ப ஏனுங்க வரல?"

"கர்ப்பப்பைக்குள்ள புண்ணாகி, ஆறும்போது ஒரு பக்கத்துச் சுவரு இன்னொரு பக்கத்தோட ஒட்டிக்கிச்சு. மழையில நனைஞ்ச ரெண்டு எல ஒட்டிக்கிமே, அந்த மாதிரி. எல்லாருக்கும் ஆகாது. அபூர்வமா சில பேருக்கு ஆகும். நீ ஒண்ணும் தப்புப் பண்ணல."

"உள்ள நடக்கறது?"

"என்ன நடக்கறது?"

சிவரஞ்சனி சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"மேல ஓரத்துல கொஞ்சம் எடம் ஒட்டாம இருக்கு. மாசாமாசம் அங்க உதிரம் ஊறுது. எறங்கறதுக்கு வழி இல்ல. அதான் முட்டுது, வலிக்குது."

"அந்த வலி மட்டும் போற மாதிரிப் பண்ணிருங்க டாக்டரம்மா. உதிரம் வர வேண்டாம்."

"ஏன் கண்ணு?"

"வந்தா என்ற வேல போயிருமுங்க."

"என்ன வேல?"

"வெளக்கேத்தற வேலைங்க."

"சம்பளம் தர்றாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"பின்ன?"

"எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. மூடி வைத்த பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு வழி இருக்கு. மாத்திரை குடுத்து, உள்ள உதிரம் ஊறாமலே பண்ணலாம். வலி அடங்கும். தூரமும் வராது. வெளக்கு உன்றதுதான். ஆனா ஒட்டுனது ஒட்டுனபடியே இருக்கும், கொழந்தையப் பத்தி நெனைக்க முடியாது. இன்னொண்ணு, வயித்தக் கிழிக்காம, சின்னக் கேமராவ உள்ள விட்டுப் பாத்து, ஒட்டுனத மெதுவாப் பிரிச்சு விடலாம். உதிரம் வரும்."

"கொழந்த?"

"வரலாம். வராமலும் இருக்கலாம். பிரிச்சது மறுபடியும் ஒட்டுனாலும் ஒட்டும். உண்டானாலும் கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்து பாக்கணும், நஞ்சுக்கொடி சரியாப் பிரியாம தொந்தரவு குடுக்கும். பொய் சொல்லி உன்ன மேஜையில படுக்க வைக்க மாட்டேன். ஊட்டுக்குப் போய் யோசி."

அடிவாரம் தாண்டி ஜீப் வளைவுகளில் ஏறியது. மேகம் சாலைக்கு இறங்கி வந்து, கதவில்லாத பக்கமாக உள்ளே வந்து, அவள் மடியில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போனது.

வீட்டில் மருதாயிக்கு முடிவு சுலபமாக இருந்தது.

"அந்த மாத்திரைய வாங்கிக்க சாமி. வலியும் போகும், வெளக்கும் கைய விட்டுப் போகாது."

"அப்ப கொழந்த, அத்த?"

மருதாயி களி கிண்டுகிற கோலை நிறுத்தினாள். "மாங்கா வாங்கிட்டு வந்தது நாந்தான. எனக்கு மட்டும் ஆச இல்லியா? ஆனா நிச்சயம் இல்லைன்னு அந்தம்மாவே சொல்லுதே. ஒண்ணும் இல்லாமப் போனா, வெளக்கும் இல்ல, புள்ளையும் இல்ல. ஊரு மறுபடியும் உன்னப் பின்னால உக்கார வெக்கும். அத என்னால பாக்க முடியாது, ஆமா."

"எனக்காகவா சொல்றீங்க?"

"எனக்காவுந்தான் சொல்றேன். ஒலகத்துல எந்த மாமியாளுக்காச்சும் மருமவளால மரியாத வந்திருக்கா? எனக்கு வந்திருக்கே!" என்று சொல்லிக் களியை வேகமாகக் கிண்டினாள்.

மறுபடியும் வலி வந்த அந்தியில் சிவரஞ்சனி கல்லின் முன் உட்கார்ந்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சேர்வராயன் மலையுச்சி எங்கேயோ மேகத்துக்குப் பின்னால் இருந்தது. பனி சுடரைச் சுற்றி மஞ்சளாக நின்றது. அதற்குள் தானும் கல்லும் மட்டும் ஒரு முட்டைக்குள் இருப்பதுபோல அவளுக்குப் பட்டது.

"நீதான் நடக்கறயா?" என்று கேட்டாள்.

பாறையில் நீர் சொட்டியது.

"நீ இல்லையா?"

சொட்டியது.

வழக்கம்போலக் கைகள் கூப்பப் போயின. பாதியில் நின்றன. கண்ணை மூடினாள். அதே ஈரப்பாறை, அதே பாசி. நடக்கிறவளின் முதுகுதான் இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. இன்று அவள் திரும்பினாள். சிவரஞ்சனியின் முகம். சுவரைத் தடவித் தடவி, எங்கே வழி, எங்கே வழி என்று அலைகிற முகம்.

மூன்று வருடமாக அம்மன் என்று கும்பிட்டது தன் உதிரத்தைத்தானா? உள்ளே ஒருத்தி வெளியே வர முடியாமல் தட்டிக்கொண்டே இருக்க, ஊரையெல்லாம் எழுந்து நிற்க வைத்துக்கொண்டு விளக்கோடு நடந்தேனா?

கண்ணைத் திறந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. பனியாகவும் இருக்கலாம்.

கீழே ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த வெங்கடாசலத்திடம், "பிரிச்சு விடச் சொல்லலாம்" என்றாள்.

"எதுக்குன்னு நல்லா யோசிச்சயா? புள்ள நிச்சயம் இல்ல."

"புள்ளைக்காவ மட்டும் இல்லீங்க. உள்ள இருக்கறது என்னோடது. அது வெளிய வரட்டும்."

அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ, "செரி" என்றான்.

சிகிச்சைக்குச் சேலத்தில் தங்கிய நாட்களில் மருதாயி முட்டியைப் பிடித்துக்கொண்டே படியேறி விளக்கேற்றினாள். ஊருக்கு வயிற்று வலி என்று மட்டும் சொன்னாள். மறுபடி ஒட்டாமல் இருக்க, உள்சுவர் புதிதாக வளர, மாத்திரை கொடுத்திருந்தார் டாக்டர். "மாத்திரை முடிஞ்ச சில நாள்ல வருதான்னு பாரு. வந்தா போன் பண்ணு. வரலைன்னாலும் பண்ணு."

மாத்திரை முடிந்தது. ஒவ்வொரு அந்தியும் அவள் விளக்கேற்றினாள். ஒவ்வொரு அந்தியும் மருதாயி படிக்குக் கீழே குடையோடு நின்றாள். மருமகள் இறங்கி வந்ததும் அவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.

அன்று தீப்பெட்டி நமத்திருந்தது. பல குச்சிகள் சீறிவிட்டு அணைந்தன. ஒன்று பற்றியது. அந்த நேரத்தில்தான் தொடையில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. முதலில் மழைத்துளி என்று நினைத்தாள். மழைத்துளிக்கு அந்தச் சூடு கிடையாது.

குச்சி எரிந்து விரலை நெருங்கிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு இறங்கிவிடலாம். அவள் கல்லைப் பார்த்தாள். கல் எப்போதும்போல நனைந்திருந்தது. குச்சியைத் திரியில் வைத்தாள்.

"ஏன் இத்தன நேரம்?" என்றாள் மருதாயி.

"வந்துருச்சுங்கத்த."

குடை மெல்லச் சாய்ந்தது. மருதாயி அவள் முகத்தையே பார்த்தாள். "ஏத்தறதுக்கு முன்னாலயா, பொறகா?"

"முன்னால. குச்சி கையில எரிஞ்சிட்டு இருந்துச்சு."

"அப்பறம்?"

"ஏத்திட்டேன்."

மருதாயி மேலே பார்த்தாள். பனிக்குள் சுடர் நின்றுகொண்டிருந்தது. நெடுநேரம் பார்த்தாள், அது சாயுமா என்று பார்ப்பதுபோல.

"அணையலியே" என்றாள்.

"அணையலீங்க."

"யாராச்சும் கேட்டா, பொறகுன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? நான் ஒண்ணும் கேக்கவே இல்ல, நீ ஒண்ணும் சொல்லவே இல்ல." பிறகு குடையை மருமகள் தலைக்கு மேலே பிடித்தாள். "நாளையிலிருந்து என்ற முட்டிதான் ஏறணும். ஊரு எந்திரிச்சு நிக்குமோ என்னமோ, நான் உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்."

டவர் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று சிவரஞ்சனி டாக்டருக்கு போன் செய்தாள்.

"வலி இருக்கா?"

"இருக்குதுங்க. பழைய மாதிரி முட்டல. போய்ட்டே இருக்கு."

"நல்லது. அடுத்த வாரம் வா. கேமரா வெச்சு மறுபடியும் உள்ள பாக்கணும். அப்பத்தான் எதுவும் சொல்ல முடியும்."

"டாக்டரம்மா, சந்தோசப்படலாமுங்களா?"

மறுமுனையில் ஏதோ கதவு திறந்து மூடியது. "இன்னிக்குச் சந்தோசப்படு" என்றார் டாக்டர்.

அவள் பாறையிலிருந்து இறங்கப் போகும்போதுதான் அருகில் நின்ற மருதாயிக்கு உறைத்தது. "ஊட்டுல ஒண்ணுமே இல்லியே! மூணு வருசமா யாரு வாங்குனா?" போனைப் பிடுங்கி மகனைக் கூப்பிட்டாள். "டேய், எங்கடா இருக்க?"

"மஞ்சக்குட்டைல. ஆளு ஏத்திட்டு இருக்கேன்."

"கடையில அது வாங்கிட்டு வா."

"எதும்மா?"

"அதான்டா. பொம்பளைங்களுக்கு."

ஜீப்பின் சத்தம் நின்றுபோனது. அவன் எஞ்சினை அணைத்துவிட்டான் போல. யாரோ, "என்னப்பா, வண்டிய எடு" என்றார்கள். அவன் எடுக்கவில்லை.

"யாருக்கும்மா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எனக்கா வாங்குவ, இந்த வயசுல?"

அவன் ஜீப்பை விட்டு இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் தெளிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வந்தது. "எத்தன பாக்கெட்டு வாங்கட்டும்? பெரிசா ரெண்டு வாங்கிரட்டுமா?"

சிவரஞ்சனி போனுக்கு அருகே குனிந்தாள். "ஒண்ணு போதுமுங்க. இன்னிக்கு மட்டுந்தான் சந்தோசப்படச் சொல்லியிருக்காங்க."