பிடரிகளைப் பார்த்துப் பேசியவள்

சலூன் அக்காவுக்கு வாய் ஓயாது. கத்திரி நின்றாலும் பேச்சு நிற்காது. அப்பேர்ப்பட்டவள்தான் அன்று மாலை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாயடைத்துப் போய் நின்றாள்.

விஷயம் இதுதான். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் அவளுடைய ஒற்றை நாற்காலிக் கடையைக் காலி செய்துவிட்டு, அங்கே சைக்கிள் நிறுத்தலாம் என்று செயலாளர் யோசனை கொண்டுவந்திருந்தார். கை தூக்கி முடிவெடுக்கும் முன் அவளும் பேசலாம் என்று பெரிய மனசு பண்ணியிருந்தார். இந்தக் கடை போனால் அவளுக்கு வேறு போக்கிடமில்லை.

"பயப்படாதே. எல்லார் கண்ணையும் பார்த்துப் பேசு, அவ்வளவுதான்" என்று வேன் ஓட்டும் கணவன் சொல்லி அனுப்பியிருந்தான். அவன் ஏற்றி இறக்குவதெல்லாம் சிமெண்டு மூட்டை. அதற்குக் கண்ணா இருக்கிறது?

முன்னால் போய் நின்றாள். அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். "வந்து... நான்..." என்று இழுத்தாள். இத்தனை வருஷமாக அவள் பேசியதெல்லாம் பிடரிகளோடுதான். முகம் என்பது கண்ணாடிக்குள் இருக்கும். நேருக்கு நேர் முறைக்கிற முகத்தை என்ன செய்வது? முன்வரிசைக்காரர் போனை எடுத்துவிட்டார். டீச்சரம்மா கொட்டாவி விட்டார்.

போச்சு, எல்லாம் போச்சு. இவர்கள் முன்னால் அழுவதைவிட வெளியே போய் அழலாம் என்று விறுவிறுவென வாசலுக்கு நடந்தாள். கதவருகே மனசு கேட்காமல் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாகப் பிடரிகள். பாதிக்கு மேல் அவள் கைவேலை.

"யாரும் திரும்பாதீங்க" என்றாள். கடையில் பேசுகிற அதே குரல். "மூணாவது வரிசை சார், உங்களை எப்பவோ வரச் சொன்னேன். காதுக்குப் பின்னாடி காடா கெடக்கு! டீச்சரம்மா, நீங்களே கத்திரி வெச்சுக்கிட்டீங்களா? நல்லாத்தான் இருக்கு போங்க!"

குபீரென்று சிரிப்பு. போன் பைக்குள் போனது. ஆளாளுக்குப் பிடரியைத் தடவிப் பார்த்தார்கள். அப்புறம் திடீரென்று அமைதி. அவளுடைய கடை நாற்காலியில் உட்கார்ந்து யாரைப் பற்றி என்னென்ன உளறினோம் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது.

"பயப்படாதீங்க. நீங்க சொன்னது எதுவும் என் கடையைத் தாண்டினதில்ல. மாமியாரைத் திட்டினவங்க இருக்கீங்க. பையனுக்கு வேலை போச்சுன்னு அழுதவங்க இருக்கீங்க. முடியை எங்க வேணா வெட்டிக்கலாம். இதையெல்லாம் சைக்கிள்கிட்டயா போய்ச் சொல்வீங்க?"

பேசிக்கொண்டே ஓரமாக நடந்து, மேடையில் மேசை முன் உட்கார்ந்திருந்த செயலாளருக்குப் பின்னால் வந்துவிட்டாள். அவர் தலைக்கு மேலே அத்தனை முகங்களும் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிந்தன. இப்போது பயமில்லை. பழக்கதோஷத்தில் கை அவர் தலையை லேசாக அழுத்தியது. அவரும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக் குனிந்தார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

குனிந்தபடியே செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "கடை இருக்கட்டும்னு சொல்றவங்க கை தூக்கலாம்."

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. டீச்சரம்மா இரண்டு கையையும் தூக்கினார். அவளுக்குக் கீழே, செயலாளரின் கையும் மெல்ல மேலே வந்தது. அதோடு அவர் தலையும் நிமிரப் பார்த்தது.

"அசையாதீங்க சார்" என்றாள் அவள், எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே.