கழற்றிக் கொண்டுபோன டிஸ்க்

திங்கட்கிழமை காலை, கெலிஓயாவில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலோரம் பிரம்புக் கதிரையில் றலியா ராத்தா. அவருக்குப் பக்கத்தில், நீளக் கதிரையின் நுனியில், அவருடைய மகள் ஜஹானா. சாப்பாட்டு மேசையடியில் சுவரில் முதுகைச் சாய்த்தபடி என் கணவர் கிளறன்ஸ். வாசலுக்கு அருகே பிளாஸ்டிக் கதிரையில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, அவருடைய தம்பி லக்ஸ்மன். நான் நிலத்தில், பாயில், சேர்வர் பெட்டிக்கு முன்னால். இதை இவ்வளவு விபரமாக எழுதக் காரணம் இருக்கிறது. ஊரே கூடியிருக்க அண்ணி தன்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று லக்ஸ்மன் ஹந்தானையில் மாமி வீடு வரைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஊர் கூடவில்லை. இருந்தது இவ்வளவு பேர்தான்.

முஸ்லிம் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பது என் தொழில். மண்டபத்தின் நடுவே திரை போட்டிருப்பார்கள். திரைக்கு இந்தப் பக்கம் ஆண்கள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டு, தலைக்குப் பூ வைத்து, ஆசை தீரச் சிரிப்பார்கள். நான் கத்தோலிக்கப் பெண் என்பது அவர்களுக்குப் பெரிய விடயமில்லை. ஒன்றைத்தான் கேட்பார்கள்: படம் வெளி ஆண் கண்ணில் படக்கூடாது. கடைக்குப் போகக்கூடாது, இன்டர்நெட்டில் ஏறக்கூடாது. நான் வாக்குக் கொடுப்பேன். அந்த வாக்கை நம்பித்தான் ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரருக்கு என் பெயரைச் சொல்கிறார்கள்.

அந்த வாக்குக்காகத்தான் இந்தப் பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் பதிகிற படமெல்லாம் மற்றதிலும் பதியும்; பெட்டியை எழுப்பும் பகுதி மட்டும் ஒன்றில்தான். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். வீட்டை விட்டு அது வெளியே போனதே இல்லை.

சனிக்கிழமை நான் அக்குறணையில் ஒரு கல்யாணத்தில் நின்றேன். மறுநாள் மாப்பிள்ளை வீட்டு வலீமா விருந்தும் அங்கேதான். சனி மதியம் அடித்த இடியில் எங்கள் பக்கமெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்ததாம். ஞாயிறு மாலை நான் வீட்டுக்குள் வந்ததும் கிளறன்ஸ், "பெட்டி எழும்ப மாட்டேங்குது கொறற்றி, கரண்ட் போனதுல அடிச்சிருச்சு போல" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜஹானா செவ்வாய்க்கிழமை புருஷனோடு கட்டாருக்குப் பயணம். போகும்முன் தன் கல்யாணப் படங்களை பென் டிரைவில் வாங்கிப் போகத்தான் தாயும் மகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எதையும் வரிசையாகச் செய்கிறவள். முதலில் சுவர் ப்ளக்கில் மேசை விளக்கைச் செருகிப் பார்த்தேன். எரிந்தது. பெட்டியின் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது நேராகச் சுவருக்குப் போயிருந்தது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கட்டும் என்று நடுவில் நான் வைத்திருந்த யூ.பி.எஸ்ஸைக் காணவில்லை.

"யூ.பி.எஸ் எங்க?"

"மாதா கோயில் திருநாளுக்குக் கேட்டாங்க," என்றார் கிளறன்ஸ். "மைக் செட்டுக்கு. பூசை நடுவுல நின்னுட்டா அசிங்கமாச்சே. கோயில் விசயம், இல்லைன்னு சொல்றதா?"

"என்னையக் கேட்டாங்களா?"

"நீ வீட்ல இல்லையே."

வந்தவர்கள் முன்னால் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். பட்டனை அமுக்கினேன். காற்றாடி சுற்றியது, பச்சை விளக்கு வந்தது. கறுத்த திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது: தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லையாம்.

"நான்தான் சொன்னேனே அண்ணி," என்றான் லக்ஸ்மன். "இதெல்லாம் வீட்ல வச்சுப் பாக்கிற வேலை இல்ல. ஷொப்ல குடுத்தா அரை மணித்தியாலத்துல முடிச்சுத் தருவான்."

"இது ஷொப்புக்குப் போகாது."

பக்கத் தகட்டின் ஆணிகளைக் கழற்றி ஒரு தேத்தண்ணீர்ச் சோசரில் போட்டேன்.

"அண்ணி ஒப்பரேசன் பண்றாங்க. யாரும் இருமாதீங்க," என்று அவன் சிரித்தான். ஜஹானாவும் லேசாகச் சிரித்தாள். அவனுக்கு எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அந்த அறையில் தெரிந்தவன் அவன்.

தகட்டை இழுத்தேன். கீழ்த்தட்டில் ஒரு டிஸ்க் இருந்தது. மேல்தட்டு காலி. அதற்குப் போகவேண்டிய வயர்கள் இரண்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன.

"இதுல ரெண்டு இருந்திச்சு," என்றேன். "ஒண்ணு எங்க?"

கிளறன்ஸ் தம்பியைப் பார்த்தார். தம்பி சீலிங்கைப் பார்த்தான்.

"லக்ஸ்மன். ஒன்னத்தான் கேக்குறேன்."

"அது வந்து அண்ணி, டவுன்ல நமக்குத் தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் கிட்ட குடுத்திருக்கேன். இன்னைக்கி தந்துருவான். அண்ணன்தான் சனிக்கிழமை பயந்துபோயி கோல் எடுத்தாரு, நீங்க வர்றதுக்குள்ள சரி பண்ணிரணும்னு. நான் வந்து பாத்தா ஸ்கிரீன்ல எழுத்தா ஓடுது, ஓடுது, முடியவே மாட்டேங்குது. சரி, டிஸ்க் போச்சுன்னு கழட்டிட்டேன்."

"ஓடின எழுத்த வாசிச்சியா?"

"இங்கிலீசுல என்னமோ ஓடிச்சு."

அது என்னவென்று எனக்குத் தெரியும். திடீரென்று கரண்ட் போய் வந்தால் பெட்டி தன் டிஸ்க்குகளை முதலில் சரிபார்க்கும். படங்கள் நிறைய இருப்பதால் நேரம் எடுக்கும். அதைச் சும்மா விட்டுவிட்டு ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்திருந்தால் தானாக எழும்பியிருக்கும். இவன் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றியிருக்கிறான். கழற்றியதும், பெட்டியை எழுப்பும் பகுதி இருக்கிற டிஸ்க்கைப் பார்த்து. கரண்ட் போனதால் பெட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதைப் படுக்கவைத்தது லக்ஸ்மன்.

ஆனால் என் நெஞ்சு கொதித்தது அதற்காக அல்ல. பெட்டிக்குக் கடவுச்சொல் இருக்கிறது. டிஸ்க்கைத் தனியே எடுத்து வேறொரு கம்பியூட்டரில் செருகினால் அந்தக் கடவுச்சொல்லை ஒருத்தரும் கேட்கப்போவதில்லை.

றலியா ராத்தா கதிரையின் முன்னுக்கு வந்திருந்தார். "கொறற்றி, அந்தச் சாமான்ல எங்கட புள்ளேட படமும் ஈக்கிதா?"

கிளறன்ஸ் இருமினார். சொல்லாதே என்கிற இருமல் அது.

"இருக்கு ராத்தா," என்றேன். "ஒங்க மகளோடதும் இருக்கு. நான் எடுத்த எல்லாப் பொண்ணுங்களோடதும் இருக்கு. என்கிட்டக் கேக்காம இவங்க ரெண்டு பேரும் கடைக்குக் குடுத்திருக்காங்க."

"அவன் அதெல்லாம் பாக்க மாட்டான் அண்ணி," என்றான் லக்ஸ்மன். "ஒரு நாளைக்கி எத்தனை டிஸ்க் வருது அவனுக்கு."

ஜஹானா அவனை நேராகப் பார்த்து, அண்ணன் முறை வைத்தே கேட்டாள். "உங்கட ஊட்டுப் பொம்புளயள்ட படம் எண்டா இப்புடித்தான் குடுப்பீங்களா நானா?"

அவன் காலைக் கீழே இறக்கினான்.

"எழும்பு," என்றேன். "கடையக் காட்டு."

"இப்பவா? போன் பண்ணிக் கேக்கலாம் அண்ணி."

"நாக்கு நீளுதா ஒனக்கு? எழும்புன்னா எழும்பு." ஊரே கூடியிருக்கச் செய்த அவமானம் என்று அவன் சொல்வது இதைத்தான்.

றலியா ராத்தா வந்த த்ரீவீலரிலேயே போனோம். பெண்கள் மூவரும் பின்னால். லக்ஸ்மன் ட்ரைவரின் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தெரிய ஒடுங்கிக்கொண்டு வந்தான். பேராதனை தாண்டி டவுனுக்குள் நுழைந்தோம். கிளறன்ஸை வீட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் வழியிலேயே ஏதாவது சொல்லியிருப்பேன்.

கடை ஒரு மாடியில் இருந்தது. ஒடுங்கிய படி. உள்ளே மேசை மேசையாகத் திறந்துபோட்ட கம்பியூட்டர்கள். இரண்டு பொடியன்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கடைக்காரன் அமான், இருபத்தைந்து வயது இருக்கலாம், எங்களைக் கண்டதும் எழுந்தான். முக்காட்டோடு நின்ற றலியா ராத்தாவையும் ஜஹானாவையும் பார்த்தான். பிறகு லக்ஸ்மனைப் பார்த்தான். அமானின் முகம் மாறியது.

"வந்தீங்களா நானா," என்றான். "உங்களுக்கு ரெண்டு தரம் கோல் எடுத்தேன். என்ன டிஸ்க் எண்டு செல்லாமத் தந்திட்டுப் போனீங்களே."

மேசையில் என் டிஸ்க் இருந்தது. பக்கத்துத் திரையை ஒரு காலண்டர் மட்டையால் மறைத்து வைத்திருந்தான்.

"தொறந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"மிஸ், பழுதான டிஸ்க் எண்டு தந்தா மொதல்ல கொப்பி எடுக்கோணும். அதுதான் முறை. கொப்பி சரியா எண்டு பாக்க ஒரு படம் தொறந்தேன்." அவன் நிலத்தைப் பார்த்தான். "எங்கட சாச்சீட மகள். கடுகண்ணாவை பஸ்லினா. தலைல ஒண்டுமில்லாம. உடனே மூடிட்டேன். அதுக்குப் பொறகு நான் பாக்கல்ல."

"இவங்க ரெண்டு பேரும்?"

இரண்டு பொடியன்களும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தார்கள்.

"சனிக்கிழம நான் நேரத்தோட போயிட்டேன். கொப்பி ஓடிட்டு இருந்திச்சு. அவங்க நிண்டாங்க. பாக்கல்ல எண்டுதான் செல்றாங்க."

"சத்தியம் பண்ணுவாங்களா?" என்று றலியா ராத்தா கேட்டார். பொடியன்கள் இன்னும் குனிந்துகொண்டார்கள்.

கொப்பி எடுத்த டிஸ்க்கையும் தரச் சொன்னேன். அது கடைச்சாமான் என்றான். லக்ஸ்மன் பக்கம் திரும்பினேன். அவன் காசைக் கொடுத்தான். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது அமான் பின்னாலேயே வந்தான்.

"மிஸ், பஸ்லினாக்கிட்ட என்ட பேரச் செல்லாதீங்க. சாச்சி ஊட்டுக்கு நான் போற வாற ஆள்."

நான் த்ரீவீலரில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து டிஸ்க்கை அதன் தட்டில் வைத்து வயர்களைக் கொடுத்தேன். பட்டனை அமுக்கியதும் அந்த எழுத்து ஓடத் தொடங்கியது. விட்டுவிட்டேன். றலியா ராத்தாவுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், அவர் தொடவில்லை. எழுத்து ஓடி முடிந்தது, பெட்டி எழும்பியது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்பதை நினைக்க நினைக்க எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஜஹானாவின் படங்களை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். போகும்போது றலியா ராத்தா என் கையைப் பிடித்தார். "நாங்க வெளில கதைக்க மாட்டோம். நீங்களும் மத்த ஆக்களுக்குச் செல்லாதீங்க. தெரிஞ்சா புள்ளயளுக்குத்தான் வீண் பேச்சு."

"செல்லுங்க," என்றாள் ஜஹானா. "உம்மா செல்றதக் கேக்காதீங்க. இண்டைக்கி நான் இங்க வராட்டி எனக்கும் தெரிஞ்சிருக்காதே. என்ட படத்த ஆரு பாத்த எண்டு எனக்குத் தெரியோணும். மத்தவங்களுக்கும் அப்புடித்தான்."

தாயும் மகளும் படியிறங்கும்வரை தங்களுக்குள் வாதாடிக்கொண்டே போனார்கள்.

அவர்கள் போனதும், படம் எடுத்த பெண்கள் எல்லாருக்கும் கடிதம் எழுதப்போகிறேன் என்றேன். கிளறன்ஸ் கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். "ராத்தா சொல்றதுதான் சரி. எழுதினா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. தொழில் போயிரும் கொறற்றி. யாரும் பாத்தாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?"

"பாக்கலன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தம்பி பேரையாச்சும் போடாத."

"போடுவேன். ஒங்க பேரும் வரும்."

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடிதம் எழுதப் பழக்கும்போது திகதி, இடம், விடயம், பிறகு நடந்தது நடந்த வரிசையில் என்று பழக்கினார்கள். அப்படியே எழுதினேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாக, கையால். வட்ஸ்அப்பில் அனுப்பினால் போன் மேசையில் கிடக்கும். எடுத்து வாசிக்க வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். படங்கள் என் கையை விட்டுப் போனதை எழுதினேன். யார் கொண்டுபோனது, எங்கே இருந்தது, கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது, வந்து பார்த்தால் அவர்கள் கண் முன்னால் அழிப்பேன் என்பதையும் எழுதினேன். பார்த்தார்கள் என்று எழுத எனக்கு ஆதாரமில்லை. பார்க்கவில்லை என்று எழுத எனக்குக் கையும் வரவில்லை. அதையும் அப்படியே எழுதினேன். மன்னிப்புக் கேட்டு நீட்டவில்லை; அவர்களுக்கு வேண்டியது நடந்த விபரம்.

பஸ்லினாவின் கடிதம்தான் கடைசி. மற்றவற்றில் இல்லாத ஒரு வரி அதில் வேண்டியிருந்தது. பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் முற்றத்தில் நின்றேன். அமான் கெட்டவன் இல்லை. திரையை மட்டையால் மறைத்தவன். ஆனால் சாச்சி மகளுக்கும் அவன் வெளி ஆண்தான்; அந்தச் சின்னம்மா வீட்டுக்குப் போகிறவன், வருகிறவன். அவன் எதிரே பஸ்லினா தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டும்போது, தான் எதைப் பார்த்தவன் என்று அவனுக்குத் தெரிந்திருக்க, அவளுக்கு மட்டும் தெரியாமல் இருப்பதா? உள்ளே வந்து அவன் பெயரை முழுதாக எழுதினேன்.

மறுநாள் கிளறன்ஸ் என்னை மோட்டார் சைக்கிளில் கெலிஓயாத் தபால் கந்தோருக்குக் கூட்டிப்போனார். வழியில், "புருஷன் வீட்டு ஆளுங்க ஒடச்சு வாசிச்சா?" என்றார்.

"பதிவுத் தபால். அவ கையெழுத்து வச்சு அவ கையில வாங்கணும்."

"அதுக்கும் மேல ஒண்ணும் செய்ய முடியாதா?"

"முடியாது. அதத்தான் சனிக்கிழமை யோசிச்சிருக்கணும்."

அவர் சைக்கிளைக் கந்தோர் வாசலில் நிறுத்தினார். கவுண்டருக்குப் பக்கத்தில் கோந்துப் போத்தல் இருந்தது. கடித உறைகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன். பஸ்லினாவினுடையதை ஒட்டும்முன் மடிப்பை விரித்து அந்த வரியை மறுபடி வாசித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மடித்து உள்ளே வைத்து, கோந்து தடவி, விரல் நகம் வெளுக்கும்வரை அமுக்கிப் பிடித்தேன். கந்தோர்ப் பெண் நிறுத்துப் பார்த்து, பதிவு இலக்கத்தை ஒட்டி, முத்திரை குத்தி, பின்னாலிருந்த தபால் பைக்குள் போட்டாள்.