ஸ்டானிஸ்லாஸ் சொன்ன நிறம்

ஸ்டானிஸ்லாஸுக்கு மெதுவாகப் பேச வராது. துறைமுகத்தில் கப்பலின் சரக்கறை விளிம்பில் நின்றுகொண்டு, பாரம் தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவனுக்குத் 'தூக்கு', 'இறக்கு' என்று கத்துவதுதான் அவன் வேலை. அந்தக் குரலை அப்படியே ராயபுரத்து வீட்டுக்கும் எடுத்துவருவான், கோயிலுக்கும் எடுத்துப்போவான். பூசையில் அவன் 'ஆமென்' சொன்னால் முன்வரிசைக் குழந்தைகள் திரும்பிப் பார்க்கும்.

ஆஸ்பத்திரிக்கும் அதே குரல்தான் வந்தது. அவன் மனைவி ஐரீனுக்கு அது பெரிய பேஜாராகிவிட்டது.

ஐரீனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரந்தோறும் வந்து படுக்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே குத்தி ஒரு குழாயைச் செருகுவார்கள். மேலே தொங்கும் கண்ணாடிப் பாட்டிலிலிருந்து மருந்துத் தண்ணீர் வயிற்றுக்குள் இறங்கும். உள்ளே இருக்கும் சவ்வு இரத்தத்தின் அழுக்கை அதில் வடித்துவிடும். பிறகு அந்தத் தண்ணீர் கட்டிலுக்கடியில் வைத்த பாட்டிலில் வந்து சேரும். அது என்ன நிறத்தில் வருகிறது என்று பார்த்துச் சொல்வது கூட இருப்பவர்களின் பொறுப்பு. மற்றவர்கள் எழுந்துபோய் நர்ஸ் புஷ்பவல்லியிடம் சொல்வார்கள். இவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவான்.

"சிஸ்டர்! மஞ்சளு! நல்லா கண்ணாடி மாரி வந்துகினு கீது!"

ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுத்திருந்தார்கள். அத்தனை பேரும் ஐரீனின் வயிற்றைப் பார்ப்பார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்வாள்.

மாதா கோயில் கொடியேறிய வாரத்தில் அந்தக் குரல் அலறிக்கொண்டு வந்தது.

"சார்! செவப்பு! ரத்தம் சார்!"

டாக்டர் பாஸ்கர் ஓடிவந்தார். சின்ன வயசு, நிறையப் படித்தவர். ஆனால் பெண்களிடம் எதையும் நேராகக் கேட்கமாட்டார், புருஷனைப் பார்த்துத்தான் கேட்பார். "வீட்ல பாரம் ஏதாவது தூக்கினாங்களா? வயித்துல அழுத்தம் கிழுத்தம் பட்டுச்சா?"

ஸ்டானிஸ்லாஸுக்கு முந்தின ராத்திரி நினைவுக்கு வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் அவளாகத்தான் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். ஆனாலும் வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டியவன் தானல்லவா, வியாதிக்காரியிடம் போனவன் மனுஷனா என்று அவன் குறுகிப்போனான். "இல்ல சார்" என்று முதல் தடவையாக உதட்டுக்குள் சொன்னான்.

குழாயைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் தண்ணீர் தெளிவாக வந்தது. அடுத்த மாதம் மறுபடியும் சிவந்தது. தன்னால் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை என்றே அவன் நம்பினான். அதற்குள் படுக்கையை வாசலுக்கு மாற்றியிருந்தான். கேட்டால் "உள்ள புழுக்கமா கீது" என்பான்.

தண்ணீர் சிவந்த காரணம் ஐரீனுக்குத் தெரியும். வியாதி வந்ததும் அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. வயிற்றைக் கழுவ ஆரம்பித்துச் சில மாதம் போனதும் அது திரும்பி வந்துவிட்டது. முதல் நாள் குளியலறையில் அதைப் பார்த்தபோது சந்தோஷத்தில் சிரித்துவிட்டாள். உடனே வெட்கமாகிவிட்டது. சாகக் கிடக்கிறவளுக்கு இதில் என்ன சந்தோஷம்? துணியை யாருக்கும் தெரியாமல் துவைத்து, கொடியில் பாவாடைக்கு அடியில் போட்டு உலர்த்தினாள். அந்த நாட்களில்தான் பாட்டிலும் சிவந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் பளிச்சென்று இருந்தது, ரேடியோவில் வேறு கூச்சமில்லாமல் பேசினார்கள். ஆனால் இத்தனை ஆம்பிளைகள் நடுவில், குனிந்த தலை நிமிராத அந்த டாக்டரிடம் அவள் எப்படிச் சொல்வாள்? செத்தாலும் சொல்லமாட்டேன் என்றிருந்தாள். சாவு பக்கத்தில் வந்து நிற்காதவரை யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

புருஷன் வாசலில் போய்ப் படுத்ததுதான் அவளைக் கொன்றது. துணியைப் பார்த்திருப்பான், அருவருத்துவிட்டான் என்று நினைத்தாள்.

மூன்றாவது முறையும் தண்ணீர் சிவந்தபோது பாஸ்கர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு ஸ்டானிஸ்லாஸைப் பார்த்துச் சொன்னார்.

"சவ்வு கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். இனிமே இதைச் செய்ய முடியாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"வேற வழி இன்னா சார்?"

குழாயை எடுக்கச் சொல்லி பாஸ்கர் நர்ஸுக்குக் கைகாட்டினார். எல்லாருக்கும் புரிந்தது.

ஸ்டானிஸ்லாஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். டாக்டரின் காதருகே குனிந்தான். ரகசியம் சொல்வதாகத்தான் பாவம் அவன் நினைத்தான்.

"சார், எம்மேலதான் சார் தப்பு! மொத வாட்டி செவப்பா வந்துச்சே, அதுக்கு மொத நாளு ராத்திரி நான்தான் அவ கிட்ட போனேன்! நோயாளின்னுகூட பாக்காம மிருகம் மாரி நடந்துகினேன்! என்ன இன்னா வேணா பண்ணு சார், அவள நிறுத்தாத!"

கோடிக் கட்டிலில் இருந்த கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஐரீனுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. இதற்கு மேல் மறைக்க என்ன மானம் மிச்சம்?

"யோவ், வாய மூடு!" என்றாள். முழங்கையை ஊன்றி எழுந்தாள். "சார், அவரு மேல ஒண்ணுமில்ல. நான் வூட்டுக்குத் தூரம். மின்ன ரெண்டு வாட்டியும் அப்டித்தான்."

குழாயை எடுக்கப்போன புஷ்பவல்லியின் கை நின்றது. பாஸ்கர் முகம் சிவந்தது. அவளிடம் முதல் முறையாக நேராகக் கேட்டார். "நின்னுபோயிருந்துச்சா?"

"ஆமா சார். இப்பதான் திரும்ப வந்துச்சு."

"ரத்தம் சுத்தமானதும் உடம்புல சுரக்க வேண்டியது மறுபடி சுரக்குது. அதனால வந்திருக்கு. அந்த ரத்தம் கொஞ்சம் கருப்பைக் குழாய் வழியா வயித்துக்குள்ள இறங்கும். சவ்வுக்கு ஒண்ணும் ஆகல. சிஸ்டர், அடுத்த பாட்டில மாட்டுங்க." போகும்போது, "நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார். அதை மட்டும் பழையபடி புருஷனைப் பார்த்தே சொன்னார்.

தண்ணீர் வெதுவெதுப்பாக உள்ளே இறங்கியது. ஸ்டானிஸ்லாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"அதுக்கா வாசல்ல போயி படுத்த?"

"ம்."

"நான் கலீஜாயிட்டேன்னு நெனச்சுகினேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வாய் கோணியது, அழுதுவிட்டான். அதையும் மெதுவாகச் செய்ய அவனுக்கு வரவில்லை. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஐரீன் தன் சேலைத் தலைப்பை இழுத்து அவன் முகத்தில் போட்டு மூடினாள்.