நன்றியுரையில் ஒரு பெயர்

நேசமலரின் கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ஒரு விலங்கியல் விரிவுரையாளருக்கு அது சின்ன விஷயமில்லை. வட்டுக்கோட்டைப் பள்ளிப் பிள்ளைகளை அராலிப் பக்கத்து ஆழம் குறைந்த பரவைக்கடலில் இறக்கி, சேற்று நிறத்து நத்தைகள் கொக்குக்குத் தப்புவதையும் வெளிறியவை அகப்படுவதையும் கண்ணால் பார்க்க வைத்தால், கூர்ப்பை, அதாவது பரிணாமத்தை, புத்தகமே இல்லாமல் படிப்பிக்கலாம் என்று எழுதியிருந்தாள். சண்டையில் தபால் தடுமாறிய காலத்திலும் எந்தெந்த நாடுகளிலிருந்தோ கட்டுரைப் பிரதி கேட்டு அட்டைகள் வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் அவளுக்குத் தலைகால் புரியாது.

ஆனால் அதைக் கவனமாகப் படித்தவர்கள் உள்ளூரிலேயே இருந்தார்கள். அன்று காலை பள்ளி அதிபர் கனகரட்ணம் மாஸ்டரின் மனைவி பொன்மலர் அன்ரி அழுதபடி ஓடி வந்தபோதுதான் அது தெரிந்தது.

"பிள்ளை, மாஸ்டரை இயக்கப் பெடியள் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

"ஏன் அன்ரி?"

"உன்ரை கட்டுரையிலை கிடக்கிற படத்தாலையாம். ஆழம் அளந்தவர்தான் ஆமிக்கு வழி காட்டப் போறாராம்."

எந்தப் படம் என்று நேசமலருக்கு உடனே தெரிந்தது. நத்தை பொறுக்கிய இடங்களைக் காட்ட ஒரு வரைபடம் போட்டிருந்தாள். கடல் வற்றும் நேரத்தில் எங்கே கணுக்கால் தண்ணீர், எங்கே முழங்கால், எங்கே ஆள் தாழும் என்று எல்லாம் அதில் இருந்தது. கட்டுரை எழுதிய நாளில் அது பாடம். இப்போது அக்கரைத் தீவில் இராணுவம் இருந்தது. அதே படம் இப்போது அவர்கள் கரைக்கு நடந்து வர ஒரு வழி.

கட்டுரையின் கடைசியில், ஆழம் அளந்து உதவிய அதிபர் கனகரட்ணம் அவர்களுக்கு நன்றி என்று போட்டிருந்தது. மனுஷன் கால்கூட நனைக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போக அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார், அவ்வளவுதான். எங்கள் படித்தவர்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்து வைத்த பெரியவருக்கு வெறும் நன்றி சொன்னால் குறைவாகிவிடுமாம், அவர் ஏதோ வேலை செய்ததாகவும் எழுத வேண்டுமாம். மாஸ்டருக்குப் பிடிபடாத பெருமை. பிரதியைக் கோயிலுக்கும் கூட்டுறவுச் சங்கக்கடைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். சங்கக்கடையில் யாரோ பெயரை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

"அவருக்கு நீந்தவும் தெரியாது. நீ போய் உண்மையைச் சொல்லு பிள்ளை," என்று பொன்மலர் அவள் கையைப் பிடித்தார்.

போகாமல் இருக்க முடியாது. போகவும் பயம். போன மாதம் இப்படிக் கொண்டுபோன ஒரு கிளாக்கர் இன்னும் வீடு வந்து சேரவில்லை. சைக்கிளை எடுத்து மிதித்தாள். சங்கிலி கழன்றால் நல்லது என்றுகூட நினைத்தாள். அது கழலவில்லை.

பெடியளின் முகாம் யாரோ விட்டுப்போன கல்வீடு. மேசைக்குப் பின்னால் இருந்தவன் அவளிடம் படித்த பிள்ளைகளின் வயதுக்காரன். "இருங்கோ அக்கா," என்றான். அந்த மரியாதை அவளை இன்னும் பயப்படுத்தியது. அவன் முன்னால் கட்டுரை விரிந்து கிடந்தது.

"நான்தான் அளந்தனான். மாஸ்டருக்கு ஒண்டும் தெரியாது. மரியாதைக்கு அவரின்ரை பேரைப் போட்டனான்."

"நடக்காததை அச்சிலை போடுவியளோ?"

அவன் உள்ளே பார்த்துத் தலையசைத்தான். கனகரட்ணம் மாஸ்டரைக் கூட்டி வந்தார்கள். கண்ணாடி இல்லை. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. உதடு வீங்கியிருந்தது.

"மாஸ்டர், இவ தான் அளந்ததெண்டு சொல்லுறா. ஆர் அளந்தது?"

மாஸ்டர் கண்ணைச் சுருக்கி அவள் முகத்தைத் தேடினார்.

"நான்தான் தம்பி. அச்சிலை கிடக்குதே. பிள்ளை எனக்கு இரங்கிப் பொய் சொல்லுது. அதுக்குக் கடலெண்டாலே பயம்."

அவர் தெரிந்துதான் சொல்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது. இன்னொரு தரம், "இல்லை, நான்தான்" என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை.

இளைஞன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அந்தப் பெயரில் விரலை வைத்தான். வெளிநாட்டு அச்சை நம்பினான்.

"நீங்கள் போகலாம் அக்கா."

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட, உடம்பெல்லாம் ஓடிய சந்தோஷம். படலை தாண்டிச் சைக்கிளில் ஏறிய பிறகுதான், மாஸ்டரைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. அப்போதும் அவள் சைக்கிளை நிறுத்தவில்லை.

பொன்மலர் தன் வீட்டு ஒழுங்கை முகப்பிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"உண்மையைச் சொன்னனி தானே பிள்ளை?"

"ஓம் அன்ரி. சொன்னனான்."

"அப்ப விடுவினம்," என்றார் பொன்மலர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாஸ்டர் பசியோடு வருவார் என்று உலை வைக்க உள்ளே போனார்.