சபாபதியின் வலது கால்

இனிப்புநீர் வியாதி அரித்த காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் கவலையும் சேர்ந்து போய்விடும் என்று நினைத்தார் சபாபதி. கவலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

எல்லாம் பக்கத்துக் கட்டில் மலாய்க்காரர் ஹம்சாவால் வந்த வினை. அவருக்கும் அதே வியாதி, அதே வெட்டு. ஆனால் அவருடைய மகன்கள் வந்து, வெட்டிய காலை வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கிப்போய், தங்கள் கிராமமான கம்பத்து மயானத்தில் முறைப்படி அடக்கம் செய்தார்கள். சபாபதியோ, "ஆஸ்பத்திரியே எடுத்துக்கட்டும்" என்று முதலிலேயே தலையாட்டியிருந்தார்.

ஆஸ்பத்திரி எடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? ஊசி, ரத்தத் துணி, வெட்டிய சதை எல்லாவற்றையும் மஞ்சள் தொட்டிகளில் ஏற்றி, எரிக்கும் உலைக்குக் கொண்டுபோகும் லாரியை மூவாரில் இத்தனை வருஷம் ஓட்டியவரே அவர்தானே! ஊரார் கால்களையெல்லாம் வாய் திறக்காமல் ஏற்றிய மனுஷன், தன் கால் என்றதும் கிடந்து தவித்தார். நல்ல காரியம் எதற்கும் முதலில் எடுத்து வைத்த வலது கால் அது. மயக்கத்தில் கிடந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதே என்று அவருக்கு ஆறவேயில்லை.

"ஒரே ஒரு தரம் பாத்துட்டா போதும் புஷ்பம்," என்றார் மனைவியிடம்.

"பாத்தா? திரும்ப வந்து ஒட்டிக்குமா? சும்மா இருங்க," என்று எரிந்து விழுந்தாள் புஷ்பவள்ளி. ஆனால் லாரி வரும் நாளன்று, சக்கர நாற்காலியை ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனவளும் அவள்தான்.

குளிரறையிலிருந்து தொட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தான் ஜெயபாலன். அவருடைய லாரியை இப்போது ஓட்டுபவன்.

"அலமாக்! அண்ணே, இங்க என்ன பண்றீங்க?"

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு தொட்டியை அவர் அருகே உருட்டி வந்து மூடியைத் திறந்தான். உள்ளே மஞ்சள் பை, இறுகக் கட்டியிருந்தது. மேலே அவர் பெயர்.

"யாரும் இல்லண்ணே. பிரிச்சிடவா?"

சபாபதியின் கை தானாக நீண்டது. முடிச்சைத் தொட்டவர், கையை இழுத்துக்கொண்டார்.

"வேணாம்டா. கட்டுனத பிரிக்கக் கூடாது. யாராச்சும் பாத்தா உன் வேல போய்டும். மூடு."

மூடிய தொட்டியை, பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏறும் பிள்ளையின் முதுகைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பாத்து ஓட்டு லா. தங்காக் ரோட்ல குழி ஜாஸ்தி. தூக்கித் தூக்கிப் போடும்."

"மெதுவா போறேண்ணே."

லாரி வாசலைத் தாண்டித் திரும்பியது. அது மறைந்த பிறகும் சபாபதி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பவள்ளி நாற்காலியைத் திருப்பப் போனாள்.

"இரு புஷ்பம். கட்ட விரல் அரிக்குது."

"எந்தக் கால்ல?"

அவர் லாரி போன திசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

புஷ்பவள்ளி முன்னால் வந்து குந்தினாள். கட்டுப் போட்ட முழங்காலுக்குக் கீழே, ஒன்றுமே இல்லாத இடத்தில், விரலை வைத்து மெல்லச் சொறிந்தாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார் சபாபதி.