நாற்பத்தோராம் நம்பர் வில்லை

கல் அரைக்கும் மில்லின் கிளார்க் சத்தியமூர்த்தி நான்காவது தடவையாக மீனாளின் வாசலில் வந்து நின்றான். அவள் புருஷன் கருத்தையா ஆறு மாதம் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தானே, அப்போது ஒரு நாள் எட்டிப் பார்த்திருப்பானா இந்த மனிதன்? செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, சீப்புச் சீப்பாக வாழைப்பழத்தோடு வருகிறான்.

“அந்தப் பித்தளை வில்லை கம்பெனிச் சொத்தும்மா. குடுத்துட்டா எனக்கும் வேலை முடிஞ்சிரும்” என்றான்.

மில்லில் ஆளுக்கு ஒரு நம்பர் வில்லை. கருத்தையாவுடையது நாற்பத்தொன்று.

“எங்குட்டுக் கெடக்குன்னு தேடிப் பாக்கணும்யா.”

“கயித்த அவுக்கவெல்லாம் வேணாம். கயிறோட அப்பிடியே குடு. சாக்குத் தைக்கிற வேலைக்கு உன்னைச் சொல்லி வச்சிருக்கேன்.”

எட்டணா பெறாத பித்தளைக்கு ஒரு வேலையா? அதிலும் கயிற்றைப் பற்றி இவனுக்கு என்ன அக்கறை? கருத்தையாவைக் குளிப்பாட்டியபோது இடுப்பிலிருந்து அறுத்துப்போட்ட அரைஞாண் கயிறு அது. வில்லை அதில்தான் கோத்திருந்தது. மீனாள் அதைப் பொறுக்கி மிளகாய் டின்னுக்குள் போட்டு வைத்திருந்தாள். வில்லையைக் கண்ணில் காட்டாமலே அவனை அனுப்பிவைத்தாள்.

நெஞ்சு முழுக்கக் கல்தூசி என்று மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்து எழுதிக் கொடுத்திருந்தார். அதை வைத்துத்தான் அவள் நட்டஈடு கேட்டு மனுப் போட்டிருந்தாள். மில்லுக்காரர்களோ, கருத்தையா வாட்ச்மேன், அரவைக் கொட்டகைக்குள் கால் வைத்ததே இல்லை என்று பதில் எழுதிவிட்டார்கள். பத்து வருஷம் கல்லை அரைத்த மனிதனை ஒரு காகிதத்தில் காவல்காரனாக்கிவிட்டார்கள். படுக்கையில் விழுமுன் கடைசி மூன்று மாதம் அவன் கேட்டில் நின்றதற்குப் பதிவேடு இருந்தது. அதற்கு முந்தைய பதிவேடுகளை மட்டும் கரையான் தின்றுவிட்டதாம். கெட்டிக்காரக் கரையான்தான்.

மறுநாள் முத்தப்பன் வந்தான். கருத்தையாவோடு ஒரே கொட்டகையில் வேலை பார்த்தவன். அவன் வாயிலும் அதே கேள்வி.

“வில்லை கயிறோட இருக்கா தங்கச்சி?”

மீனாளுக்குச் சுருக்கென்றது. நேற்று அவன், இன்று இவனா? இன்னும் அந்த மில்லில்தானே சம்பளம் வாங்குகிறான்.

“அவுக கட்டையோடயே எரிஞ்சு போயிருச்சுண்ணே” என்று கூசாமல் பொய் சொன்னாள். முத்தப்பனின் முகம் செத்துப்போனது. நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

நட்டஈட்டு மனுவை மதுரை அதிகாரி காரைக்குடி பங்களாவில் முகாம் போட்டு விசாரித்த நாளில், மில் ஜீப்பிலிருந்து சத்தியமூர்த்தி இறங்கினான். அவன் பின்னாலேயே முத்தப்பனும் இறங்கினான். மில்லின் சாட்சியே அவன்தானாம். மீனாள் நினைத்தது சரியாகத்தான் போயிற்று. அவன் இருந்த பக்கம் திரும்பவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மில் வக்கீல் கேட்டார்: “கருத்தையா கேட்டுலதான நின்னாரு?”

“ஆமாங்கய்யா. கேட்டுலதான் நின்னாரு.”

மூன்று பிள்ளைகளின் சோறு அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது என்றுதான் மீனாள் நினைத்தாள்.

வக்கீல் உட்காரப் போனார். முத்தப்பன் நிறுத்தவில்லை.

“கடைசி மூணு மாசந்தாங்கய்யா. அதுக்கு முந்தி பத்து வருசம் என்கூட அரவையில நின்னாரு. மூச்சு முட்டி விழுந்த பெறகுதான் கேட்டுல ஒக்கார வச்சாக.”

சத்தியமூர்த்தி எழுந்துவிட்டான். அதிகாரி கையமர்த்தினார். “ஆதாரம் ஏதாவது இருக்கா?”

முத்தப்பன் சட்டையைத் தூக்கினான். ஒட்டிப்போன வயிற்றுக்குக் கீழே அரைஞாண் கயிற்றில் பித்தளை வில்லை தொங்கியது.

“கேட்டுக்காரருக்குக் காக்கிச் சட்டை உண்டுங்கய்யா, வில்லையைப் பையில குத்திக்குவாரு. அரவையில சட்டை போட்டா வேர்வைக்குத் தூசி அப்பிப் புண்ணாக்கிரும். கோவணத்தோட நிப்போம். வில்லை இடுப்புலதான் கெடக்கும். கருத்தையாவுதும் அப்பிடித்தான். கேட்டுக்குப் போயும் அவரு அதைக் கழட்டல. ஆனா அது அவரோட எரிஞ்சு போச்சு.”

“எரியலைய்யா” என்று மீனாள் எழுந்தாள். வீட்டு டின்னில் விட்டுவரப் பயந்து முந்தானையில் முடிந்து வந்திருந்த வில்லையைக் கயிறோடு எடுத்து மேசைமேல் வைத்தாள். கறுத்த கயிற்றின் முறுக்குகளில் வெள்ளைத் தூசி சுண்ணாம்பாய் இறுகிக் கிடந்தது. அதிகாரி முத்தப்பனின் வில்லையையும் கயிறோடு அவிழ்த்து வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு முத்தப்பனுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாற்பத்தொன்றைத் தன் கேஸ் கட்டோடு சேர்த்துக்கொண்டு, மீனாளுக்கு ரசீது எழுதிக் கொடுத்தார்.

வெளியே ஜீப் முத்தப்பனை விட்டுவிட்டுப் போய்விட்டது. வேலையும் அதோடு போயிற்று என்று இருவருக்கும் தெரியும். மீனாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஒங்களப்போயி சந்தேகப்பட்டுட்டேன்ணே. பொய் சொல்லிட்டேன்.”

“நல்லதாப் போச்சு தங்கச்சி. எங்கையில குடுத்திருந்தா மறுநாளே கேட்டுல புடுங்கியிருப்பாக.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்துவிட்டது. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தான். அந்த இருமலை மீனாளுக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதம் ராப்பகலாகக் கேட்டது.

முத்தப்பன் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடி இடுப்பில் கட்டியிருந்த வில்லையைச் சட்டைக்கு மேலேயே தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“என் வீட்டுக்காரி அழகி வெகுளி. பழத்தைக் கண்டா நம்பிருவா” என்றான். “யாரு வந்து கேட்டாலும் இதைக் குடுக்கக் கூடாதுன்னு நீதான் அவகிட்டச் சொல்லி வைக்கணும், தங்கச்சி.”